கோட் 11.59: டயலில் சறுக்கிய கடிகாரம் – ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜனவரி நடுவில் ஜெனீவாவில் நடந்த எஸ்.ஐ.ஹெச்.ஹெச். என்ற உயர்தரக் கடிகாரக் கண்காட்சியில், சுவிட்சர்லாந்தின் ஓடமார் பிகே நிறுவனம் ‘கோட் 11.59’ என்ற புதிய கைக்கடிகார வரிசையை அறிமுகப்படுத்தியது. இத்தகைய நிறுவனங்கள் பொதுவாக ஒன்றிரண்டு மாடல்களை முதலில் காட்டி, வரவேற்பைப் பார்த்து, பிறகு மெல்ல வரிசையை வளர்க்கும். இங்கோ ஒரே நாளில் 13 கடிகாரங்கள், அவற்றுக்குள் 6 வகை இயக்கப்பொறிகள். மணியும் தேதியும் மட்டும் காட்டும் எளிய கடிகாரம் முதல், பொத்தானை நகர்த்தினால் நேரத்தை மணியடித்துச் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் வரை எல்லாம் ஒரே கேஸ் (கடிகாரத்தின் வெளிக்கூடு) வடிவத்தில், எல்லாம் 18 காரட் தங்கத்தில் வந்தன. அப்போது ஆண்டுக்குச் சுமார் 40,000 கடிகாரங்கள் மட்டும் செய்துவந்த ஒரு குடும்ப நிறுவனத்துக்கு இது சின்னப் பந்தயம் அல்ல.

கடைகளுக்குக் கடிகாரம் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. முதல் படங்கள் வெளியான சில மணி நேரத்திலேயே ஆர்வலர்கள் ஏமாற்றத்தையும் கோபத்தையும் கொட்டத் தொடங்கினார்கள். கேலிப் படங்கள் பரவின. நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாராட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. டயலில் வேறு எந்த நிறுவனத்தின் பெயரை எழுதினாலும் பொருந்திவிடும், அவ்வளவு பொதுவான முகம் என்பதே அந்தக் கேலிகளின் சாரம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பரில், கடிகார உலகின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் ஜெனீவா கிராண்ட் பிரீயின் ‘தங்க முள்’ விருதை இதே வரிசையைச் சேர்ந்த ஒரு கடிகாரம் பெற்றது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே ஆர்வலர்களின் கருத்து எங்கே சரியாக இருந்தது, எங்கே பிசகியது, நிறுவனம் அதில் எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கேஸைக் குறை சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள், டயலைக் குறை சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். இரண்டு குறைகளும் ஒரே இரைச்சலில் கலந்துபோனதால், எது எது என்று பிரித்துக் கேட்க அப்போது யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

ஒரே தூணில் நின்ற மண்டபம்

ஓடமார் பிகே 1875-இல் ஜூ பள்ளத்தாக்கின் லே பிராசுஸ் என்ற ஊரில் தொடங்கியது. நூறு ஆண்டுகளாகச் சிக்கலான கடிகாரங்களைச் செய்து பெயர் எடுத்திருந்தும், இன்று உலகம் அதை அறிவது 1972-இல் வந்த ராயல் ஓக் என்ற ஒரே கடிகாரத்தால்தான். ஜெரால்ட் ஜெண்டா வரைந்த அந்தக் கடிகாரத்தின் எட்டு மூலை பெசலும் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம்), அதில் வெளிப்படையாகத் தெரியும் எட்டுத் திருகுகளும், கேஸோடு சேர்ந்தே ஓடும் உலோகப் பட்டையும், சதுரச் சதுரமாகச் செதுக்கிய டயலும் பத்தடி தூரத்திலிருந்தே பெயரைச் சொல்லிவிடும். 1993-இல் அதன் பெரிய உருவமாக 42 மில்லிமீட்டர் அளவில் ராயல் ஓக் ஆஃப்ஷோர் வந்தது. 2010-களின் இறுதியில் நிறுவனத்தின் விற்பனையில் பெரும்பகுதி இந்த இரண்டு குடும்பங்களிலிருந்தே வந்தது. ஜூல்ஸ் ஓடமார் என்ற வட்ட வடிவ வரிசையும், மில்லெனரி என்ற முட்டை வடிவ வரிசையும் பட்டியலில் இருந்தன. அவற்றைத் தேடிக் கடைக்கு வந்தவர்கள் குறைவு.

ஒரே தூணில் நிற்கும் மண்டபத்தைப் பற்றி அதில் வசிப்பவர்களுக்குத்தான் கவலை இருக்கும். 2012 முதல் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பிரான்சுவா ஹென்றி பென்னாமியாஸ் அந்தக் கவலைக்குக் கண்ட விடைதான் கோட் 11.59. வட்டக் கடிகாரங்களுக்கான இடத்தில் ஜூல்ஸ் ஓடமாரை விலக்கி, இன்னொரு பெரிய தூணை நடுவது அவருடைய திட்டம். பெயரில் உள்ள ‘கோட்’ என்பது சேலஞ்ச், ஓன், டேர், எவால்வ் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்றும், 11.59 என்பது புதிய நாள் பிறப்பதற்கு முந்தைய நிமிடம் என்றும் விளக்கம் தரப்பட்டது. கடிகாரம் பிடித்துப்போனவர்கள்கூட இந்தப் பெயர் பிடித்ததாகச் சொல்லி நான் படித்ததில்லை. விளக்கவுரையோடு பிறக்கும் பெயர் நாக்கில் ஒட்டுவதில்லை. ராயல் ஓக் என்பது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பெயர் என்பது தெரியாமலேயே எத்தனையோ பேர் அதை வாங்கிக் கட்டியிருக்கிறார்கள்.

படத்தில் வராத வேலை

கடிகாரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 41 மில்லிமீட்டர் விட்டம், எளிய மாடலில் 10.7 மில்லிமீட்டர் தடிமன். நேராகப் பார்த்தால் மெல்லிய வட்டப் பெசல், அவ்வளவுதான். பக்கவாட்டில் திருப்பினால் கதை மாறுகிறது. மேலே வட்டப் பெசலும் கீழே வட்ட முதுகும் இருக்க, இரண்டுக்கும் நடுவே எட்டு மூலைப் பட்டகமாக ஓர் உடல் செருகப்பட்டிருக்கிறது. ராயல் ஓக்கின் எட்டு மூலைகள் இங்கே முகத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியிருக்கின்றன. ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கொம்புகள், அதாவது லக்குகள், உள்ளே துளையிட்டு வெறுமையாக்கப்பட்டவை. அவற்றின் மேல் முனை பெசலோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கீழ் முனையோ எதனோடும் இணையாமல் முதுகின் மீது சாய்ந்து நிற்கிறது. சாய்ந்து நிற்பதற்கு நடுவே இடைவெளி தெரியக் கூடாது என்பதால், அந்த முனையை மட்டும் எவ்வளவு துல்லியமாக இழைத்திருக்க வேண்டும் என்று பட்டறை வேலை தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பரப்பும் மாறி மாறிக் கோடிழுத்த மங்கலும் கண்ணாடிப் பளபளப்புமாக முடிக்கப்பட்டு, இரண்டும் சந்திக்கும் விளிம்பு கத்தி முனைபோல் தெளிவாக நிற்கிறது.

கண்ணாடி இன்னும் விநோதமானது. உள்பக்கம் குவிமாடம்போல் வளைந்திருக்கும் சஃபயர் கண்ணாடி, வெளிப்பக்கத்தில் 12-க்கும் 6-க்கும் இடையே நீளவாக்கில் மட்டும் தனியாக ஒரு வளைவு வளைகிறது. மணிக்கட்டைச் சாய்க்கும்போது டயல் கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆழமாகவும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் விளிம்பு வரை மேலே எழும்பியதுபோலவும் தோன்றும். டயலில் உள்ள நிறுவனப் பெயரும் அச்சடித்தது அல்ல. 24 காரட் தங்கத்தை மின்முறையில் படலம் படலமாக வளர்த்து எழுத்துகளாக்கி, அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இணைப்புகளால் கோத்து, சிறு கால்களால் டயலில் கையால் பொருத்தியிருக்கிறார்கள்.

இவற்றில் எதுவும் நேராக எடுத்த படத்தில் வராது. கைபேசித் திரையில் பார்த்தவனுக்குத் தெரிந்தது ஒரு தங்க வட்டம், அதற்குள் ஒரு கறுப்பு வட்டம், சில கோடுகள், சில எண்கள். விலையோ அமெரிக்காவில் எளிய மாடலுக்குச் சுமார் 27,000 டாலர், நிறுத்துகடிகாரமாகவும் பயன்படும் க்ரோனோகிராஃபுக்குச் சுமார் 42,000 டாலர். நகைக்கடை மொழியில் சொன்னால், தங்கத்தின் விலையும் தெரிந்தது, செய்கூலியும் தெரிந்தது, வேலைப்பாடு மட்டும் தெரியவில்லை. அப்படிப்பட்ட நகைக்கு யார்தான் மறுபேச்சில்லாமல் பில் போடச் சொல்வார்கள்?

கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பலர் பிறகு தங்கள் கருத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். படத்தைவிட நேரில் நன்றாக இருக்கிறது என்ற வாக்கியம் இந்த வரிசையைப் பற்றிய எழுத்துகளில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கேஸைப் பொறுத்தவரை அந்த வாக்கியம் உண்மை. அதைப் பார்க்காமலே தட்டையானது, சலிப்பானது என்று சொன்னவர்கள் பொருளைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார்கள். ஆயினும் நிறுவனத்தின் பக்கம் நின்று இந்த வாதத்தை முன்வைத்தவர்கள் அது எவ்வளவு பலவீனமான கேடயம் என்பதை யோசிக்கவில்லை. இந்த விலையில் கடிகாரம் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் படத்தைப் பார்த்தே ஆசைப்படுகிறார்கள். ராயல் ஓக் நேரிலும் நன்றாக இருக்கிறது, படத்திலும் நன்றாக இருக்கிறது. கடிகாரத்தைப் புரிந்துகொள்ளச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்றால், சாய்த்த படங்களை முதலில் வெளியிட்டிருக்க வேண்டியது யாருடைய பொறுப்பு?

டயல் என்ற உண்மையான குறை

ஆர்வலர்களின் குறைகளைக் கொட்டிப் பிரித்தால் மிஞ்சும் கனமான பொருள் டயல்தான். எளிய மாடலின் டயல் கறுப்பு, வெள்ளை, நீலம் என்று லாக்கர் என்ற பளபளப்பான வண்ணப்பூச்சுப் பூசிய பரப்பு. அந்தப் பூச்சு தூய்மையாகத்தான் இருந்தது. ஆனால் 41 மில்லிமீட்டர் விட்டத்தில் பெசல் மெலிந்துபோனதால் டயல் அகன்று, அந்த அகலத்தில் வைக்க எதுவும் இல்லாமல் வெறிச்சோடியிருந்தது. மணிக் குறிகள் குட்டையாகவும் மெலிந்தும் விளிம்பை ஒட்டி நின்றன. எண்களின் எழுத்துருவை நிறுவனம் தன் பழைய மினிட் ரிப்பீட்டர் ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொன்னது. சிறிய பழைய கடிகாரத்தில் அழகாக இருந்த மெல்லிய எழுத்து, பெரிய பளபளப்பான பரப்பில் துணையில்லாமல் தனியே நின்றது. தேதிச் சன்னல் 4-க்கும் 5-க்கும் இடையே சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. தேதி அந்த இடத்தில் வருவதை ஏற்கவே முடியாது என்று உறுதியாக இருப்பவர்கள் கடிகார ஆர்வலர்களிடையே ஒரு கட்சியாகவே உண்டு. வெறும் டயலில் சமச்சீரைக் கலைக்க அந்த ஒரு சன்னல் போதுமானதாக இருந்தது.

டயல்தான் காரணம் என்பதற்கு அந்தக் கண்காட்சியிலேயே இரண்டு சான்றுகள் இருந்தன. முதலாவது, அதே வரிசையின் சிக்கலான மாடல்கள். நீல அவென்டுரின் டயல், அதாவது விண்மீன்கள் சிதறியதுபோல் மினுங்கும் கண்ணாடி டயல் கொண்ட, லீப் ஆண்டையும் கணக்கிட்டுத் தானே தேதி காட்டும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரத்தை எளிய மாடல்களைத் திட்டியவர்களில் பலரே பாராட்டினார்கள். எனாமல் டயல் கொண்ட பறக்கும் டூர்பியானும் (டூர்பியான் என்பது கடிகாரத்தின் துடிப்பைக் கட்டுப்படுத்தும் பாகங்களைச் சுமந்து சுழலும் கூண்டு), டயலே இல்லாமல் உட்பொறியை வெளியே காட்டும் திறந்த டூர்பியானும், மினிட் ரிப்பீட்டரும் பெரும்பாலும் ஏச்சிலிருந்து தப்பின. கேஸ் ஒன்றுதான், கண்ணாடி ஒன்றுதான், லக்கு ஒன்றுதான். நடுப்பரப்பை நிரப்ப ஏதேனும் இருந்த மாடல்கள் பிழைத்தன. ஒன்றும் இல்லாதவை மாட்டிக்கொண்டன. கேஸ்தான் குற்றவாளி என்றால் எல்லாமே மாட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது சான்று அதைவிடக் கூர்மையானது, ஆனால் அன்றைய விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாதது. அதே கண்காட்சியில் ஓடமார் பிகே எஃகில் ஒரு புதிய ராயல் ஓக்கையும் வெளியிட்டது. 15500 என்பது அதன் எண். விட்டம் அதே 41 மில்லிமீட்டர். உள்ளே இருப்பது, கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் ‘மெஷின்’ என்று சொல்லும் அந்த இயக்கப்பொறி, கோட் 11.59-இன் எளிய மாடலில் இருந்த அதே 4302: தானாக முறுக்கிக்கொள்வது, வினாடிக்கு 8 அதிர்வு, ஏறத்தாழ 70 மணி நேரம் ஓடும் இருப்பு. இந்த ராயல் ஓக்கைப் பற்றியும் முணுமுணுப்பு இருந்தது. டயலிலிருந்து ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள் என்பதுகூட ஒரு செய்தியாகப் பேசப்பட்டது. ஆனால் அதை வாங்கக் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. பிறகு பழைய கடிகாரச் சந்தையில் எஃகு ராயல் ஓக் கடை விலையைத் தாண்டி விற்றபோது, தங்கத்தில் செய்த கோட் 11.59 கடை விலைக்குக் கீழே கிடைத்தது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே மெஷின், ஒரே விட்டம். மாறியது முகமும் உலோகமும்தான், அதிலும் விலை குறைந்த உலோகத்துக்குத்தான் கிராக்கி.

மெஷினைப் பற்றி இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ராயல் ஓக் க்ரோனோகிராஃபில் நெடுங்காலமாக ஃபிரெடெரிக் பிகே என்ற வேறொரு பட்டறையின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட இயக்கப்பொறிதான் ஓடியது. இவ்வளவு விலை வாங்கும் நிறுவனம் சொந்தமாக ஒரு க்ரோனோகிராஃப் மெஷின் செய்யக் கூடாதா என்பது ஆர்வலர்களின் நீண்ட நாள் மனக்குறை. அந்தக் கோரிக்கைக்கான பதில் 4401 என்ற பெயரில் வந்தது: தூண் சக்கரம் (காலம் வீல்), செங்குத்துக் கிளட்ச், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுழியத்துக்குத் திரும்பும் ஃப்ளைபேக் வசதி, 70 மணி நேர இருப்பு. ஆண்டுக் கணக்கில் கேட்ட பொருள், கேட்காத கோட் 11.59 கேஸுக்குள் முதலில் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டாட வேண்டியவர்கள் 12 என்ற எண்ணின் எழுத்துருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னர் 2022-இல் ராயல் ஓக் க்ரோனோகிராஃபுக்கு அந்த மெஷின் போனபோதுதான் அதற்கு உரிய மரியாதை கிடைத்தது.

1972 என்ற வாதம்

கண்டனம் வலுத்தபோது நிறுவனத்துக்கு ஆதரவாக அடிக்கடி எடுக்கப்பட்ட ஆயுதம் வரலாறு. 1972-இல் ராயல் ஓக்கையும் முதலில் யாரும் ஏற்கவில்லை, எஃகுக் கடிகாரத்துக்குத் தங்கத்தின் விலையா என்று சிரித்தார்கள், தொடக்கத்தில் விற்பனை மந்தமாக இருந்தது, பிறகு அதுவே நிறுவனத்தைக் காப்பாற்றியது. எனவே கோட் 11.59-ஐத் திட்டுபவர்களும் காலத்தால் திருத்தப்படுவார்கள் என்பது அந்த வாதம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எதிர்ப்பு என்ற ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு, எதற்கு எதிர்ப்பு என்பதை இது விட்டுவிடுகிறது.

1972-இல் மிரண்டவர்கள் புதுமையைக் கண்டு மிரண்டார்கள். கேஸில் திருகு தெரியலாமா, 39 மில்லிமீட்டர் இவ்வளவு பெரிதா, எஃகு இந்த விலையா என்றுதான் கேட்டார்கள். புதுமைக்குக் கண் பழகிவிடும். பழகிய பிறகு அதுவே அடையாளமாகும். 2019-இல் எழுந்த குற்றச்சாட்டு அதற்கு நேர் எதிர். இந்த முகம் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறது, இதில் ஓடமார் பிகேயின் அடையாளம் எங்கே என்றுதான் கேட்டார்கள். பழக்கமானதாகத் தோன்றுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப் புதுமையாக்க முடியாது. அதனால்தான் காலம் தீர்த்துவைக்கும் என்று காத்திருப்பது இங்கே பயன்படாத மருந்தாக இருந்தது. நிறுவனம் அப்படிக் காத்திருக்கவும் இல்லை என்பதுதான் இந்த நிகழ்வின் சுவாரசியமான பகுதி.

ஆர்வலர்களின் பக்கம் இருந்த ஒரு பிசகையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்களில் ஒரு சாரார் உண்மையில் கேட்டது இன்னொரு ராயல் ஓக்கைத்தான். எஃகில் ஏன் இல்லை, உலோகப் பட்டை ஏன் இல்லை, எட்டு மூலை ஏன் முகத்தில் இல்லை என்ற கேள்விகளின் கூட்டுத்தொகை ராயல் ஓக். ராயல் ஓக்கைச் சார்ந்திருப்பதிலிருந்து விடுபடச் செய்த கடிகாரத்தை ராயல் ஓக்காக இல்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. இந்தக் கூட்டத்தின் குரல் உரத்து ஒலித்ததால், டயலைப் பற்றிக் கவனமாகச் சொன்னவர்களும் பழமைவாதிகள் என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

சொல்லாமல் செய்த திருத்தங்கள்

நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டதாக எந்த அறிக்கையையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த ஆண்டுகளின் கடிகாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தக் குறை காதில் விழுந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. 2020-இல் வந்த மாடல்களில் வெற்று லாக்கர் விலகி, சூரியக் கதிர்கள்போல் கோடுகள் விரிந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக இருளும் டயல்கள் வந்தன. பர்கண்டி, ஊதா போன்ற நிறங்கள் வந்தன. வெள்ளைத் தங்கப் பெசலுக்கும் லக்குகளுக்கும் நடுவே இளஞ்சிவப்புத் தங்க உடலைச் செருகிய இரு நிறக் கேஸும் வந்தது. இந்தக் கடைசி யோசனை நல்ல யோசனை. முதல் ஆண்டில் ஒரே தங்கத்தில் மறைந்துபோன எட்டு மூலை உடலை, நிறம் மாற்றியதன் மூலம் நேராக எடுத்த படத்திலும் ஓரளவு தெரிய வைத்தது. பிறகு அந்த நடு உடலைக் கறுப்பு செராமிக்கில் செய்தபோது வேறுபாடு இன்னும் துலங்கியது.

2022-இன் இறுதியில் ‘ஸ்டார்வீல்’ வந்தது. அதில் மணி முள்ளே கிடையாது. மணி எண்கள் எழுதிய மூன்று சிறு வட்டுகள் சுழன்று சுழன்று, ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது நிமிட வளைவின் மீது நகர்ந்து போகும். நிறுவனம் 1990-களில் செய்து கைவிட்ட பழைய உத்தி அது. அதை இந்தக் கேஸுக்குள் வைத்ததும், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏளனம் செய்த அதே ஆட்களிடமிருந்து பாராட்டு வந்தது. வளைந்த கண்ணாடிக்கு அடியில் பார்க்க ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா.

பிறகு 2023. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ‘யூனிவர்செல்’ என்ற பெயரில் 40 செயல்களும் 1,100-க்கு மேற்பட்ட பாகங்களும் கொண்ட கடிகாரம் 42 மில்லிமீட்டர் கேஸில் வெளியானது. நிரந்தர நாட்காட்டி, இரண்டு நேரங்களை ஒரே சமயத்தில் அளக்கும் பிளவு வினாடி க்ரோனோகிராஃப், பறக்கும் டூர்பியான், மணியடிக்கும் அமைப்பு எல்லாம் ஒன்றாக உள்ளே இருந்தன. தங்க முள் விருது இதற்குத்தான் கிடைத்தது. 2019-இல் அதே விருதை ஓடமார் பிகே பெற்றது ராயல் ஓக்கின் மெலிந்த நிரந்தர நாட்காட்டிக்காக என்பதை நினைத்துப் பார்த்தால், நான்கு ஆண்டுகளில் மேடையில் ஏறிய குடும்பம் மாறியது புரியும். எனினும் விருதை ஆர்வலர் தீர்ப்பின் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பொறியியலுக்கு நடுவர் குழு தந்த மரியாதை. அத்தகைய கடிகாரத்தை வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

ஆர்வலர்களுக்கான உண்மையான பதில் அதே ஆண்டு வந்த எஃகு மாடல்கள்தான். கேஸ், லக்கு, கண்ணாடி, மெஷின் எதையும் தொடவில்லை. டயல் முழுவதும் மாறியிருந்தது. நடுவிலிருந்து அலை அலையாக விரியும் வட்டங்கள், அந்த அலைகளின் மீது நூற்றுக்கணக்கான நுண்ணிய குழிகள் என்று புடைப்பு வேலை செய்த பரப்பு. கில்லோஷே என்ற நுண்கோட்டு வேலைப்பாட்டைக் கையால் செதுக்கும் ஒரு கலைஞர் முதலில் உருவாக்கிய அச்சிலிருந்து அது முத்திரையிடப்பட்டது. எழுத்துரு பற்றிய சண்டைக்குக் காரணமான எண்கள் காணாமல்போயின. மணிக் குறிகள் நீண்டு, முகங்கள் வெட்டப்பட்டு, நடுவை நோக்கி நகர்ந்து, அகன்ற வெறுமையைச் சுருக்கின. பச்சையிலும் நீலத்திலும் வந்த அந்த டயலை நேராகப் படம் எடுத்தாலும் ஒளி அலைகளில் உடைந்து, பார்க்க ஏதோ இருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் 38 மில்லிமீட்டர் அளவும் வந்து, பெரிய கடிகாரம் ஒவ்வாத மணிக்கட்டுக்காரர்களின் குறையையும் தீர்த்தது.

2019-இல் கேஸும் பிடிக்கவில்லை, டயலும் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களில் பலர் இந்த எஃகு மாடலை வரவேற்றார்கள். கேஸ் மாறாதபோது வரவேற்பு மாறியிருக்கிறது என்றால், அவர்களுக்குப் பிடிக்காமல் இருந்தது எது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. உலோகமும் மாறியதே, எஃகு வந்ததால் வந்த வரவேற்பு இது என்று ஒருவர் வாதிடலாம். ஓரளவு உண்மை. ஆனால் ஸ்டார்வீலும் அவென்டுரின் நாட்காட்டியும் தங்கத்தில் வந்தே தப்பித்தன என்பதால், உலோகத்தைத் துணைக் காரணமாக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன். பென்னாமியாஸ் 2023 இறுதியில் பதவி விலகியபோது, 13 கடிகாரங்களோடு தொடங்கிய வரிசை நிறுவனத்தின் பட்டியலில் நிலைத்துவிட்டிருந்தது. ராயல் ஓக்குக்கு நிகரான தூணாக அது ஆகவில்லை.

எதிர்த்திசையில் ஒரு கண்டனம்

ஆர்வலர்கள் எதைச் செய்தாலும் திட்டுவார்கள், பழையதையே கேட்பார்கள் என்று நினைப்பவர்கள் 2024 அக்டோபரில் பட்டேக் பிலிப் என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனம் ‘கியூபிட்டஸ்’ வெளியிட்டபோது நடந்ததைப் பார்க்கலாம். 45 மில்லிமீட்டர் சதுரக் கடிகாரம்; அதுவும் புதிய வரிசை, அதுவும் ஏச்சு வாங்கியது. ஆனால் குற்றச்சாட்டு தலைகீழ். அதே நிறுவனத்தின் நாட்டிலஸ் கடிகாரத்தின் கிடைக்கோட்டு டயலையும் பட்டையையும் எடுத்துச் சதுரத்தில் மாட்டியிருக்கிறார்கள், புதிதாக என்ன இருக்கிறது என்றார்கள். அளவும் பெரிது என்றார்கள். 2025-இல் 40 மில்லிமீட்டர் அளவில் கியூபிட்டஸ் வந்தது. புகழ்பெற்ற மூத்த கடிகாரத்திலிருந்து விலகியதற்கு ஒன்று திட்டு வாங்கியது, விலகாததற்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெறும் பழமைப் பற்று என்று ஆர்வலர் கருத்தை ஒதுக்கிவிட முடியாது. இரண்டிலும் அவர்கள் குறிப்பாகச் சுட்டிய ஒரு பொருள் இருந்தது, ஒன்றில் டயல், ஒன்றில் அளவு. இரண்டு நிறுவனங்களும் அந்தப் பொருளில்தான் கைவைத்தன.

கோட் 11.59-இல் இன்னும் தீராத கணக்கு ஒன்று உண்டு. எஃகு மாடலில் எழுத்துரு போனது, லாக்கர் போனது, குட்டைக் கோடுகள் போயின. தேதிச் சன்னல் மட்டும் 4-க்கும் 5-க்கும் இடையே, முதல் நாள் இருந்த அதே சாய்வில் இருக்கிறது. அதைப் பற்றிய புகாரும் அப்படியே இருக்கிறது.